மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் எதிரெதிர் கேங் பசங்க சேர்ந்து ராப் பாட முடியுமா? எப்படித் தொடங்குவது?

முடியும். கெடுவது பெரும்பாலும் பாட்டால் இல்லை, இடத்தாலும் வரிசையாலும்தான்.

இரு தரப்புக்கும் பொதுவான இடம் வேண்டும். கோயில் மண்டபம், பந்து திடல் எல்லாம் யாரோ ஒருவரின் ‘ஏரியா’ என்று பெயர் வாங்கியிருக்கும். பக்கத்து ஊர் ஸ்டூடியோ நல்லது. முதல் இரண்டு சந்திப்பில் தரப்புக்கு இரண்டு பேர் போதும். கூட்டம் சேர்ந்தால் சும்மா வந்தவன்தான் சண்டை மூட்டுவான்.

90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) பீட் எடுங்கள். நாலு தட்டு ஒரு பார், 16 பார் கிட்டத்தட்ட 43 விநாடி. தரப்புக்கு ஒருவர் பாடட்டும். ஆளுக்கு ஒரு 16 பார், நடுவிலும் இரு முனையிலும் 8 பார் ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி). மொத்தம் இரண்டரை நிமிடம். யார் முதலில் என்ற தகராறு வரும், கட்டாயம் வரும். அதனால் ஹூக்கை இருவரும் ஒரே மைக்கில் சேர்ந்து பாடித் தொடங்கட்டும். மைக்குக்கு ஒரு சாண் தூரம். சத்தமாகக் கத்துபவன் அரையடி பின்னால் நிற்கட்டும், இல்லாவிட்டால் மற்றவன் குரல் அமுங்கிவிடும், அதையும் அவமானமாக எடுத்துக்கொள்வான்.

கேங் நம்பர், கைச்சாடை, செத்தவர் பெயர் வரியிலும் வேண்டாம், வீடியோவிலும் வேண்டாம். 2013இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதம் என்று பட்டியலிட்டது. 04, 08, 36 எல்லாம் அதில் உண்டு. டீ-சட்டையில் அந்த எண் தெரிந்தாலே போலீஸ் கவனிக்கும்.

ஒப்புக்கொண்ட வரியை ரெக்கார்டிங்கில் மாற்றி ஒரு குத்தல் செருகுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. வரிகளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மிக்ஸ் (குரலையும் பீட்டையும் சேர்ப்பது) முடிந்ததும் ஒன்றாக உட்கார்ந்து கேளுங்கள், அதன் பிறகே இணையத்தில் ஏற்றுங்கள்.