அச்சொட்டாய் வந்தால் சரியாகிவிடுமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் உயிரியல் பிரிவில் இரண்டாந்தரமும் உயர்தரம் எழுதிவிட்டாள். மருத்துவத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கிற புள்ளி) காணாது. காணியை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பிக்கச் சொல்கிறாராம் கனடா மாமா. பிள்ளையோ திரவம் அளக்கிற பியூரெட்டில் இரண்டு வாசிப்பு ஒத்துவராமல் எழும்பாத ஆள், "துல்லியப் பைத்தியம்" என்று கடைசியில் ஒரு வரி.

அம்மா, பயப்படாதீர்கள் என்றுதான் எழுதத் தொடங்கினேன். காணிக் கதையைக் கண்டதும் நிறுத்திவிட்டேன். விற்க வேண்டாம். வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்தாலும், இங்கே வைத்தியம் பார்க்க இலங்கை மருத்துவ சபைப் பதிவுக்கு இன்னொரு பரீட்சை இருக்கிறது. மாமா அதை எழுதப்போவதில்லை.

நீங்கள் குறையாய்ச் சொன்ன அந்தப் பைத்தியத்துக்கு ஒரு தொழிலே இருக்கிறது, மருத்துவ ஆய்வுகூடத்தில். துல்லியம் என்று நாங்கள் பொதுவாய்ச் சொல்வதை அங்கே இரண்டாய்ப் பிரிப்பார்கள்: வாசிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துவருவது ஒன்று, உண்மைப் பெறுமதிக்குக் கிட்ட வருவது மற்றது. உண்மையில் சீனி 100 (மி.கி./டெ.லீ.) இருக்கிற இரத்த மாதிரியை ஒரு மெசின் ஐந்து தரம் 112, 113, 112, 113, 112 என்று காட்டுகிறது. அச்சொட்டு! ஆனால் பிழை. இன்னொன்று 86, 114, 95, 105, 100 என்று காட்டுகிறது. சராசரி சரியாய் 100. ஒரு வாசிப்பையும் நம்பேலாது. முதலாவது மெசின்தான் ஆபத்தானது, ஏனென்றால் அது சந்தேகத்தைக் கிளப்பாது. வெறுவயிற்றில் 115 உள்ளவருக்கு 127 என்று வரும். 126இல் இருந்து நீரிழிவு. மனுசன் வாழ்நாள் முழுக்கக் குளிசையோடு.

அதனால்தான் நோயாளியின் இரத்தத்தைத் தொடமுன், பெறுமதி தெரிந்த கொன்ட்ரோல் மாதிரியை ஓடவிட்டு வரைபில் ஒரு புள்ளி வைப்பார்கள். லீவி, ஜெனிங்ஸ் இருவரும் 1950இல் கொண்டுவந்த முறை. புள்ளி சராசரியில் இருந்து மூன்று நியம விலகலை (வாசிப்புகள் வழமையாய்ச் சிதறுகிற அளவை) தாண்டினால் அந்தமுறை முடிவுகள் வெளியே போகாது. புள்ளிகள் எல்லைக்குள்ளேயே நின்றாலும், நாளுக்கு நாள் ஒரே பக்கம் சாய்ந்தால் கண் அதைப் பிடிக்கவேண்டும். உங்கள் மகளின் கண் பிடிக்கும்.

யாழ். பல்கலைக்கழகத்திலேயே மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் நாலு வருடப் பட்டம். படிப்புக் கட்டணம் இல்லை. "ரத்தம் எடுக்கிற வேலைதானே" என்பார்கள் சொந்தக்காரர். மாமாவின் வைத்தியரும் ஆய்வுகூட முடிவுத் தாளைப் பார்த்துத்தான் மருந்து எழுதுகிறார்.

இதற்கும் இசட் புள்ளி வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை மகளிடம் கொடுங்கள், தெரிவு வரிசையை அவளே எழுதட்டும். மாமாவின் நம்பரை அனுப்புங்கள், நான் கதைக்கிறேன்.