சோபாவுக்காகப் பத்து எலும்புகள்

கேள்வி: டல்லாஸில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அவர்கள் வளர்க்கும் பூனை, புதிதாக வாங்கிய சோபாவைப் பிறாண்டிக் கிழித்துவிட்டது. “நகத்தை நிரந்தரமாக எடுத்துவிடலாம், சின்ன ஆபரேஷன்தான்” என்கிறார் மாப்பிள்ளை. இது பாவம் இல்லையா, டாக்டர்?
– ஒரு வாசகி

பதில்: பாவம்தான் அம்மா. நகத்தை மட்டும் எடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் மாப்பிள்ளை. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து முளைப்பது. எலும்போடு வெட்டினால்தான் மறுபடி வளராது. முன்னங்காலுக்கு ஐந்து விரல் வீதம் பத்து எலும்புகள் போய்விடும். தன் விரல்களின் மேல்கணுவை அவர் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

1990களில் அமெரிக்காவில் பயிற்சிக்குப் போயிருந்தபோது இந்த ஆபரேஷனுக்கு நானும் உதவியாக நின்றிருக்கிறேன். மறுநாள் காலை கட்டைப் பிரித்தோம். காயத்தில் மணல் ஒட்டாமலிருக்க, பூனை மலஜலம் கழிக்கும் மணற்பெட்டியில் மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாளைப் போட்டிருந்தோம். அந்தச் சாம்பல் நிறப் பூனை அதில் ஒரு காலை வைத்தது, வெடுக்கென்று எடுத்து உதறியது. மறு காலை வைத்தது, அதையும் உதறியது. பிறகு தரையிலேயே சிறுநீர் கழித்துவிட்டது. காயம் ஆறிய பிறகும் சில பூனைகள் மணற்பெட்டிப் பக்கம் போவதில்லை. சில, நகம் போன குறைக்குக் கடிக்கப் பழகிவிடும். சோபா பிழைக்கும், கம்பளம் நாறும்.

பிரிட்டனில் மருத்துவக் காரணமின்றி இதைச் செய்வது குற்றம். நியூயார்க் மாநிலம் 2019இல் தடை செய்தது. டல்லாஸ் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரம் 2021இல் தடுத்தது. மாநிலம் முழுவதற்குமான தடை இல்லை. அதனால் மாப்பிள்ளையிடம் சட்டம் பேசிப் பயனில்லை.

பூனை வீம்புக்குப் பிறாண்டுவதில்லை. சோபாவுக்கு அடியில் பாருங்கள், பிறை வடிவில் மெல்லிய சக்கைகள் கிடக்கும். நகத்தின் பழைய மேலுறை அது. அதைக் கழற்றவும் உடம்பை முறுக்கி நீட்டவும் அதற்கு ஓர் இடம் வேண்டும். கயிறு சுற்றிய, ஆடாத கம்பம் ஒன்றை சோபாவை ஒட்டியே வையுங்கள். பூனை எழுந்து முழு நீளத்துக்கு நிமிரும் உயரம் இருக்கட்டும். மூலையில் ஒளித்து வைத்தால் சீண்டாது.

இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்டிவிடுங்கள். விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தம் ஓடும் பகுதி; அதை விட்டு, கூரான நுனியை மட்டும் நறுக்குங்கள். தூங்கி எழுந்த சோம்பலில் இருக்கும்போது இரண்டு நகம் போதும். மிச்சம் நாளைக்கு.