ஆங்கிலச் சொல்வளம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.ஈ. நுழைவுத் தேர்வுக்காக ஒரு சொற்பட்டியலை அகரவரிசையில் மனப்பாடம் செய்கிறேன். ‘சி’ எழுத்துக்கு வருவதற்குள் ‘ஏ’ மறந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் அந்த அகரவரிசையை விடுங்கள். அபேட், அபெட், அப்ஜூர், அப்டிகேட் என்று ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை ஒரே நாளில் படித்தால் ஒன்றோடொன்று குழம்பத்தான் செய்யும். உங்கள் ஞாபகசக்தியில் குறை இல்லை. ஜி.ஆர்.ஈ.யும் 2011 ஆகஸ்டிலேயே எதிர்ச்சொல், ஒப்புமை வினாக்களைக் கைவிட்டுவிட்டது. இப்போது வாக்கியத்துக்குள் சொல் எப்படிப் பொருந்துகிறது என்றுதான் கேட்கிறார்கள். அதனால் சொல்லை வாக்கியத்தோடு சேர்த்தே படியுங்கள்.

சொல்லுக்குக் கூட்டாளிகள் உண்டு. தமிழில் பலத்த காற்று என்கிறோம், பலத்த மழை என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’, மழைக்கு ‘ஹெவி’. மாற்றிப் போட்டால் புரியும், ஆனால் காதில் உறுத்தும். ‘மிட்டிகேட்’ என்ற சொல்லுக்குத் ‘தணித்தல்’ என்று எழுதி வைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட் போன்ற சொற்களோடு அது சேர்ந்து வரும் என்பதையும் எழுதினால்தான் அந்தச் சொல் உங்களுடையது.

மறதிக்கு வருவோம். படித்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக நழுவும், பிறகு வேகம் குறையும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னையே சோதித்து எழுதியிருக்கிறார். ஆக, ஒரே நாளில் பத்து முறை படிப்பதைவிட இடைவெளி விட்டு நான்கு முறை நினைவுகூர்வது பலன் தரும். சிறு அட்டைகளில் எழுதி மூன்று டப்பாக்களில் போடுங்கள். முதல் டப்பாவைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுங்கள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும், தவறினால் முதல் டப்பாவுக்கே திரும்பும். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் புதிய சொற்களே தாராளம். அட்டையைத் திருப்பிப் பார்க்கும் முன் கொஞ்சம் திணறுங்கள், அந்தத் திணறல்தான் சொல்லை மனதில் பதிக்கிறது.

ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் கட்டுரையில் கடினமான சொற்களைப் போட்டால் மதிப்பெண் கூடுமா?

சொல்வளத்துக்கு எழுத்துத் தேர்வில் கால் பங்கு மதிப்பெண். ஆனால் சொல் கடினமா என்பது அங்கே கணக்கில்லை. பலவகையாகவும் பொருத்தமாகவும் பிழையின்றியும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ‘மெனி’ போதும் என்கிற இடத்தில் ‘பிளெதோரா’வைத் திணிக்கும் கட்டுரைகளை நிறையத் திருத்தியிருக்கிறேன். அளவுக்கு மிஞ்சியது என்கிற சாயல் அந்தச் சொல்லுக்கு உண்டு. ‘சைல்டிஷ்’ என்றால் வயதுக்கேற்ற பக்குவமில்லை என்ற குறை, ‘சைல்ட்லைக்’ என்றால் குழந்தையின் வெள்ளை மனம் என்ற பாராட்டு. இந்த வேறுபாடு தெரிந்தவரைத்தான் நான் மேல்நிலைச் சொல்வளம் உள்ளவர் என்பேன்.

மொத்தம் எத்தனை சொற்கள் தெரிந்தால் போதும்?

நாவல், செய்தித்தாள்களில் 98 சதவீதச் சொற்கள் அகராதி இல்லாமல் புரிய வேண்டுமென்றால் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். டிசைட், டிசிஷன், டிசைசிவ் எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம். எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அடிப்படைச் சொற்கள் 2,000 தெரிந்தவர் அடுத்து எடுக்க வேண்டியது, நியூசிலாந்து ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட, 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியல். உயர்கல்விப் பாட நூல்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் அதில் அடங்கும். இவ்வளவு சிறிய முயற்சிக்கு இவ்வளவு பலன் தரும் பட்டியல் வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

ஆங்கிலம்-தமிழ் அகராதி பார்ப்பது தவறு என்கிறார்களே?

தவறே இல்லை. தமிழ்ப் பொருள் சட்டென்று வெளிச்சம் போடும். ‘ஃப்ரூகல்’ என்பது சிக்கனம், ‘ஸ்டின்ஜி’ என்பது கஞ்சத்தனம். பக்கம் பக்கமாக விளக்கினாலும் இவ்வளவு தெளிவு வராது. அப்புறம் லாங்மேன் போன்ற மாணவர் அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். அங்கே விளக்கங்கள் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும்.

சொல் தெரிகிறது, உச்சரிக்கப் பயமாக இருக்கிறது.

எழுத்தை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். ‘எபிட்டோம்’ அல்ல, எபிட்டமி. ‘ஹைபர்போல்’ அல்ல, ஹைபர்பலி. ‘சட்டில்’ என்ற சொல்லில் ‘பி’ எழுத்து ஒலிக்காது. அட்டையிலேயே தமிழில் உச்சரிப்பை எழுதி, இணைய அகராதியின் ஒலிப்பதிவோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தமிழ் வழியில் படித்தவன், வயது 38. இனிமேல் முடியுமா?

முடியும். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தீர்கள் அல்லவா? சொல்லைப் பிரித்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். லத்தீனில் ‘ஸ்பெக்ட்’ என்ற வேருக்குப் பார்த்தல் என்று பொருள். ரெட்ரோ என்றால் பின்னால், எனவே ‘ரெட்ரோஸ்பெக்ட்’ பின்னோக்கிப் பார்த்தல். ‘எக்ஸ்பெக்ட்’ என்பது வெளியே பார்த்திருத்தல். நாமும் எதிர்பார்த்தல் என்றுதானே சொல்கிறோம்? சர்க்கம் என்றால் சுற்றி. ‘சர்க்கம்ஸ்பெக்ட்’ என்பவர் சுற்றும் முற்றும் பார்த்து நடப்பவர், அதாவது எச்சரிக்கையானவர். இன்றைக்கு இந்த மூன்றையும் அட்டையில் எழுதுங்கள், நாளைக்கு இன்ஸ்பெக்ட், சஸ்பெக்ட் இரண்டையும் நீங்களே பிரித்துப் பாருங்கள்.