பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் நம்பலாமா?

கேள்வி: யூடியூபில் சமையல் சொல்லித்தரும் பெண் ஒருவர், "எங்கள் வீட்டில் இதைத்தான் பயன்படுத்துகிறோம்" என்று காட்டும் வாணலி, எண்ணெய் எல்லாவற்றையும் என் மருமகள் வாங்கிவிடுகிறாள். கேட்டால், "அது விளம்பரம் இல்லை அத்தை, அவருடைய அனுபவம்" என்கிறாள். உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது? பொருள் சேர்ந்தால் மகிழ்ச்சியும் சேருமா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: மருமகளைக் கடிந்துகொள்ளாதீர்கள், அம்மா. தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தால் எழுந்து போய் உலையைப் பார்த்துவிட்டு வருவோம். தாளித்துக்கொண்டே பேசுகிறவரிடமிருந்து அப்படி எழுந்து போக மனம் வராது. பக்கத்து வீட்டு அக்கா சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறோம். அந்த நம்பிக்கையைத்தான் நிறுவனங்கள் விலைக்கு வாங்குகின்றன.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. காசு வாங்கினால் மட்டுமல்ல, பொருளை இலவசமாகப் பெற்றிருந்தாலும் சொல்லியாக வேண்டும். வீடியோவுக்குக் கீழே ஹேஷ்டேக் குவியலில் ஒளித்துவைத்தால் போதாது. வீடியோவிலேயே, பேச்சிலும் எழுத்திலும், பேசுகிற அதே மொழியில் வர வேண்டும். பத்து நிமிடம் தமிழில் வாணலியைப் புகழ்ந்துவிட்டு, மூலையில் பொடி எழுத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

பொருளால் மகிழ்ச்சி வராது என்று நான் சொல்ல மாட்டேன். 1986-ல் சீட்டுப் பணம் எடுத்து என் அம்மா கோவை கிரைண்டர் வாங்கினார். அதுவரை ஆட்டுக்கல்தான். ஏழு பேருக்கு மாவாட்டி, குழவி பிடித்த வலது உள்ளங்கையில் புளியங்கொட்டை அளவுக்குக் காய்ப்பு. தலை பின்னும்போது அது என் காதில் உரசும். கிரைண்டர் வந்த சில மாதங்களில் அந்த உரசல் நின்றது. அவர் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து பத்திரிகை வாசித்ததையும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சென்ற வருடம் ஒரு வீடியோவைப் பார்த்து நான் ஏர் ஃபிரையர் வாங்கினேன். மூன்று முறை உருளைக்கிழங்கு வறுத்தேன். இப்போது அட்டைப்பெட்டியோடு பரணில் இருக்கிறது.

அடுத்த முறை மருமகள் எதையாவது காட்டினால், "இது வந்தால் நம் வீட்டில் யாருடைய கைநோவு குறையும்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் வாங்கட்டும். அவள் கைநோவு என்றால் நீங்களும் பாதிப் பணம் போடுங்கள்.