எடை குறைத்ததற்கா ஒரு சமூகம் அழிந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷுஐப் நபியின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. எடை குறைத்ததற்காக, அவர் நபியாக அனுப்பப்பட்ட மத்யன்வாசிகள் அழிக்கப்பட்டார்களா? அல்லாஹ்வோடு மற்றவற்றையும் வணங்கும் இணைவைப்புதான் உண்மையான குற்றம், எடை விஷயம் கூடுதலாகச் சொல்லப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? மூஸா நபியின் மாமனார் இவர்தான் என்பது சரியா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கூடுதல் என்று ஒதுக்க முடியாது. குர்ஆனின் 11ஆம் அத்தியாயமான சூரா ஹூதின் 84ஆம் வசனத்தில் அல்லாஹ்வையே வணங்குங்கள் என்று அழைத்த கையோடு, அளவையிலும் நிறுவையிலும் குறைக்காதீர்கள் என்கிறார் ஷுஐப் நபி (அலை). உங்களை நல்ல வசதியோடு காண்கிறேன் என்றும் சொல்கிறார். வயிற்றுக்கு இல்லாமல் திருடியவர்கள் அல்லர் அவர்கள்.

அவர் கண்டித்தவை மூன்று. மொழிபெயர்ப்பில் பல நேரம் ஒன்றாகிவிடுகின்றன. 'கைல்' என்பது படியால் அளப்பது, 'மீஸான்' தராசு. மூன்றாவது, மக்களின் பொருள்களில் 'பக்ஸ்' செய்வது, அதாவது உரிய மதிப்பைக் குறைப்பது. விற்க வந்தவரின் நல்ல சரக்கைச் சொத்தை என்று சொல்லி விலையை இறக்குவதும் இதில் சேரும்.

தராசையே பாருங்கள். கோலின் ஒரு கை மற்றதைவிட நூற்றுக்கு 5 பங்கு நீளம் என்று வைத்துக்கொள்வோம். நீளக் கையில் அதற்கேற்ப இலேசான தட்டைக் கட்டினால் வெறுந்தராசு நேராகவே நிற்கும். சரக்கை நீளக் கையில் வைத்து விற்றால் 1 கிலோ கல்லுக்கு ஏறக்குறைய 952 கிராம்தான் போகும். வாங்கும்போது சரக்கைக் குட்டைக் கைக்கு மாற்றினால் 1,050 கிராம் வரும். கல்லில் குறையே இருக்காது. கல்லையும் சரக்கையும் தட்டு மாற்றி நிறுத்தால்தான் குட்டு வெளிப்படும். மத்யனில் எந்த வழியில் ஏமாற்றினார்கள் என்று குர்ஆன் விவரிக்கவில்லை. ஆனால் 'நேரான தராசால் நிறுங்கள்' (26:182) என்கிறது. வாங்கும்போது நிறைவாக அளந்துகொண்டு, கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று 83ஆம் சூரா தொடங்குகிறது.

48 கிராமுக்காக யாரும் சண்டைக்கு நிற்கமாட்டார்கள். அன்றாடம் கொஞ்சமாக வாங்கிச் சமைப்பவர் வீட்டில்தான் இந்தக் குறை நாள்தோறும் சேரும். இதைச் சிறு குற்றம் என்று என்னால் கருத முடியவில்லை.

அந்த மக்கள் கேட்ட கேள்வியை வாசியுங்கள் (11:87). எங்கள் முன்னோர் வணங்கியதையும், எங்கள் செல்வத்தை விருப்பப்படி கையாள்வதையும் விட்டுவிடும்படி உம் தொழுகைதான் உமக்குக் கட்டளையிடுகிறதா? தொழுகை வேறு, கடை வேறு என்பதே அவர்கள் வழக்கு. அதைத்தான் அவர் மறுத்தார். உங்களைத் தடுத்துவிட்டு நானே அதைச் செய்ய விரும்பவில்லை, இயன்றவரை சீர்திருத்தவே நாடுகிறேன் என்பது அவர் பதில்.

மாமனார் விஷயம்: 28ஆம் சூராவில் மகளை மணமுடித்துத் தந்து, 8 ஆண்டு வேலை செய்யவும், விரும்பினால் 10 ஆக நிறைவு செய்யவும் மூஸாவிடம் பேசிய மத்யன் முதியவருக்குப் பெயர் சொல்லப்படவில்லை. ஷுஐப்தான் என்ற குர்ஆன் விரிவுரையாளர்கள் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. 'லூத்தின் சமூகம் உங்களுக்குத் தொலைவில் இல்லை' (11:89) என்று ஷுஐப் சொல்வது மறுப்பவர்களின் வலுவான சான்று. லூத், இப்ராஹீம் நபியின் காலத்தவர். மூஸா வெகு காலம் பிந்தியவர். எனக்கு இந்த மறுப்பே பொருத்தமாகப் படுகிறது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 'மத்யனின் முதியவர்' என்றே சொல்லுங்கள்.