சம்பளம் வாங்காத ஆளுக்கு மாதம் எவ்வளவு போகிறது?

கேள்வி: கொழும்பில் அரச திணைக்களம் ஒன்றில் வேலை செய்கிறேன். 47 வயது. கணவரும் வேலைக்குப் போகிறார், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அம்மாவுக்கு 79 வயது, திருகோணமலை உவர்மலையில் எங்கள் சொந்த வீட்டில் இருக்கிறார். அப்பா இறந்த பிறகு சித்தியின் மகன், எனக்குத் தம்பி முறை, அம்மாவுக்குத் துணையாக வந்து நிற்கிறான். சம்பளம் எதுவும் வாங்குவதில்லை. அவனுக்கென்று ஒரு தொழில் வேண்டுமே என்று, என் பெயரில் லீசிங் போட்டு ஓட்டோ எடுத்துக் கொடுத்தேன். மாதம் 28,000 ரூபா நான் கட்டுகிறேன், இன்னும் 31 தவணை இருக்கிறது. முற்பணத்துக்கு என் காப்புகளை 6 இலட்சத்துக்கு அடகு வைத்தேன். 13 வீத வட்டி. வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கிறேன். அம்மாவின் விதவை ஓய்வூதியம் 38,000, வங்கிக் கார்ட் தம்பியிடம் இருக்கிறது. ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழுக்கும் அவன்தான் அம்மாவைக் கூட்டிப்போகிறான். அம்மா பெயரில் 20 இலட்சம் நிலையான வைப்பு உண்டு. ஏறக்குறைய 8 வீத வட்டி, அதையும் முதலோடு சேர்த்துவிடுகிறோம். கனடாவில் உள்ள அண்ணா எப்போதாவது அனுப்புவார்.

போன மாதம் காலை பத்து மணிபோல் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா பின்னேரம் எட்டிப் பார்க்கும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். நல்லவேளை எலும்பு முறியவில்லை. வீட்டோடு நிற்க ஒரு பெண்ணைத் தேடினோம். மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வரச் சம்மதித்தார், ஆனால் 45,000 கேட்டார். கட்டுபடியாகாது என்று விட்டுவிட்டோம். 15 இலட்சம் மொத்தமாகக் கட்டினால் ஐந்து வருடத்துக்கு ஆள் அனுப்புவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. வைப்பை உடைத்துச் சேரலாமா? வீட்டைத் தம்பி பெயருக்கு எழுதினால் அவன் கடைசிவரை பார்ப்பான் என்கிறார் சித்தி. இல்லாவிட்டால் அம்மாவைக் கொழும்புக்கே கூட்டி வந்துவிடலாமா? எங்கள் வாடகை வீடு மூன்றாம் மாடி. ஒன்றும் விளங்கவில்லை. இரவில் தம்பியை எழுப்பக் கூச்சப்பட்டு, அம்மா ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்த வரி, ‘சம்பளம் எதுவும் வாங்குவதில்லை’ என்பது. வைப்பு, காப்புறுதி, அவசரக் கையிருப்பு பற்றியெல்லாம் அரச உத்தியோகத்தரான உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. உங்களுக்கு நட்டம் வருவது, தம்பிக்குப் போகிற பணத்தைச் சம்பளம் என்று எழுதி வைக்காததால்தான். எழுதியிருந்தால் இவ்வளவு நாளும் கொடுத்திருக்கமாட்டீர்கள்.

நான் எழுதிப் பார்க்கிறேன். லீசிங் 28,000. அடகு வட்டி வருடத்துக்கு 78,000, மாதத்துக்கு 6,500. ஓய்வூதியம் 38,000 வருகிறது. அம்மாவின் மருந்து, சாப்பாடு, கரண்ட், தண்ணீருக்கு 16,000 என்று தாராளமாகவே வைப்போம். மீதி 22,000 எங்கே போகிறது என்று கடிதத்தில் இல்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். இளைஞன் ஒருவனின் சாப்பாட்டுக்கும் அவனால் கூடுகிற கரண்ட் பில்லுக்கும் 10,000 போடுங்கள். அதையும் அந்த 22,000க்குள்ளேயே அடக்கிப் பார்த்தால் மொத்தம் 56,500, தனியாகக் கூட்டினால் 66,500. இவ்வளவும் கொடுத்து உங்களுக்குக் கிடைத்திருப்பது, இரவு முன்னறையில் படுத்துக்கொள்ள ஓர் ஆண்பிள்ளை. பகலில் அவன் ஓட்டோவோடு கோணேஸ்வரத்துக்கும் நிலாவெளிக்கும் ஹயர் போகிறான். அவன்மேல் குற்றமில்லை, நீங்கள் கொடுத்த தொழிலைத்தான் செய்கிறான். ஆனால் அம்மா விழுந்தது காலை பத்து மணிக்கு.

45,000 கேட்ட பெண்ணைக் கட்டுபடியாகாது என்று விட்டது இந்தக் கணக்கைப் போடாமல்தான். அவருடைய செலவையும் ஒளிக்காமல் போடுவோம். சம்பளம் 45,000. வாரத்தில் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டோடு நிற்கிற ஆளுக்கு ஓய்வே கொடுக்காவிட்டால் மூன்று மாதம் தாங்கமாட்டார். அந்த நாலு நாளுக்கு அயலில் ஒருவரை நாளுக்கு 2,500 என்று பிடித்தால் 10,000. வருடத்தில் ஒரு மாதச் சம்பளம் பண்டிகைக்கு, மாதக் கணக்கில் 3,750. அவருடைய சாப்பாடு, சவர்க்காரம், போன் எல்லாம் 12,000. ஆக 71,000 என்று வையுங்கள். அம்மாவின் 16,000த்தையும் சேர்த்தால் மாதம் 87,000.

வரவுக்கு வருவோம். ஓய்வூதியம் 38,000. 20 இலட்சத்துக்கு வட்டி வருடத்துக்கு 1,60,000. வைப்பை மாதாமாதம் வட்டி எடுக்கிற கணக்காக மாற்றினால் வீதம் கொஞ்சம் குறையும், 13,000 அளவில் கைக்கு வரும். வட்டியை முதலோடு சேர்த்துச் சேர்த்து யாருக்காக வளர்க்கிறீர்கள்? அம்மாவுக்கு 79 வயது, அந்தப் பணம் வேலைக்கு வர வேண்டிய காலம் இதுதான். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அந்தப் பிடிப்பை நிறுத்தலாம். அம்மாவின் ஓய்வூதியத்தையும் வட்டியையும் கூட்டினாலும் 6 இலட்சத்துச் சொச்சம்தான். படிவத்தைக் கொடுக்காமல் இருந்தால் வருடத்துக்கு 16,000 சும்மா போகிறது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக வரவு 51,000, செலவு 87,000. துண்டு விழுவது 36,000. இப்போது உங்கள் சம்பளத்திலிருந்து லீசிங்குக்கும் அடகுக்கும் போவது 34,500. கிட்டத்தட்ட அதே பணம்தான். கொழும்பிலுள்ள நீங்கள் தனியே சுமக்கிறதை அண்ணாவோடு பங்கு போட்டால் இன்னும் இலேசாகும். ‘எப்போதாவது அனுப்புவார்’ என்பது உதவி இல்லை, நத்தார்ப் பரிசு மாதிரி. மாதம் முதலாம் திகதி நூறு கனடிய டொலர் என்று கேளுங்கள், இன்றைக்கு அது இருபதாயிரத்துக்கு மேல் வரும். கேட்கும்போது அழுது கேட்காதீர்கள், இந்தக் கணக்கை எழுதி வாட்ஸ்அப்பில் போடுங்கள். வெளிநாட்டு அண்ணாமார் கண்ணீருக்கு ஒருமுறை அனுப்புவார்கள், கணக்கைக் கண்டால்தான் ஒவ்வொரு மாதமும் அனுப்புவார்கள்.

இனி ஓட்டோ. லீசிங் உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள் கட்டாவிட்டால் உங்களுக்குத்தான் கடிதம் வரும். அதற்குப் பயந்து இன்னும் 31 தவணை, அதாவது 8,68,000 ரூபா கட்டப் போகிறீர்களா? தம்பியிடம் இரண்டு மாத அவகாசம் சொல்லுங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து அவன் ஹயர் காசில் தவணையைக் கட்ட வேண்டும். முடியாது என்றால், லீசிங் கம்பனியில் இன்று முடித்தால் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு, வாகனத்தை விற்றுக் கணக்கை மூட வேண்டும். ஓடுகிற ஓட்டோ தன் தவணையை உழைக்காவிட்டால் அந்தத் தொழிலிலேயே பிழை இருக்கிறது, அதை நீங்கள் மூடி மறைக்கிறீர்கள். சித்தி கோபிப்பார். ‘என்ர பிள்ளைதானே உன்ர அம்மாவைப் பார்த்தவன்’ என்பார். பார்த்ததற்கு நன்றி சொல்லுங்கள். அவன் இருந்த வீட்டுக்கும் உண்ட சோற்றுக்கும் நீங்கள் காசு கேட்கவில்லை, அதுவே மரியாதையான கூலி. அவன் தொடர்ந்து அங்கே தங்கவும் செய்யலாம், ஆனால் கார்ட் அவனிடம் இருக்கக் கூடாது. வங்கியில் பழைய கார்டை நிறுத்திப் புதிது எடுத்து, பணம் எடுத்தால் உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தி வரும்படி செய்யுங்கள். புதிதாக வருகிற பெண்ணிடமும் கார்டைக் கொடுக்க வேண்டாம். வீட்டுச் செலவுக்கு வாரம் ஒரு தொகை, ஒரு கொப்பியில் கணக்கு, அவ்வளவுதான்.

அடகை வருடா வருடம் புதுப்பிக்கிற பழக்கத்தையும் விடுங்கள். 13 வீதம் கட்டிக்கொண்டு 8 வீதத்துக்குப் போட்டுவைக்கிற குடும்பம் உங்களுடையது மட்டுமில்லை, நம்மவரில் பாதிப்பேர் இப்படித்தான். காப்பு கையை விட்டுப் போகக் கூடாது என்ற பாசத்துக்கு வருடம் 78,000 கொடுக்கிறீர்கள். தங்கம் இப்போது விற்கிற விலைக்கு ஒரு சோடியை விற்று மற்றதை மீட்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் துண்டு விழுகிற தொகையை உங்கள் கையிலிருந்து கட்டுவது இன்னும் சுலபம்.

அந்த 15 இலட்சத் திட்டம் வேண்டாம். 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 25,000. நேரடியாகப் பேசிய பெண்ணே 45,000 கேட்கிற ஊரில், அலுவலக வாடகை, கொமிஷன் எல்லாம் போக 25,000க்கு யார் வந்து நிற்பார்கள்? உங்களுக்குப் பின்னால் சேருகிறவரின் 15 இலட்சத்திலிருந்துதான் உங்கள் வீட்டு ஆளுக்குச் சம்பளம் வர வேண்டியிருக்கும். வங்கியோ நிதிக் கம்பனியோ முறிந்தால் வைப்புக் காப்புறுதியில் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம்வரை உண்டு. இப்படிப்பட்ட முற்பணத்துக்கு அதுவும் கிடையாது. 2020 மே மாதம் த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் இரத்தானபோது, உரிமம் உள்ள இடத்தில் போட்டவர்களே எத்தனை பேர் தவித்தார்கள்! ‘பராமரிப்புத் திட்டம்’ என்று வழுவழுப்பான தாளில் அச்சடித்து வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மாதாமாதம் பில் தர முடியுமா? முடியாது என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சித்தி சொல்கிறபடி தம்பி பெயருக்கு வீட்டு உறுதி எழுதுவதும் அதே வகை முற்பணம், தொகைதான் பெரிது. நாளைக்குச் செய்யப்போகிற பராமரிப்புக்கு இன்றைக்கே வீட்டைக் கொடுப்பது. நன்கொடை உறுதி எழுதியபின் அதைத் திருப்புவது நீதிமன்ற அலைச்சல். என்றைக்காவது யாருக்காவது எழுதுவதாக இருந்தாலும், அம்மாவின் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கிற உரிமையை, வைத்துத்தான் எழுத வேண்டும். இப்போது எழுதவே வேண்டாம்.

அந்த மூதூர்ப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடுங்கள். பயிற்சி பெற்ற, சான்றிதழ் உள்ள பராமரிப்பாளர்தான் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் பலர் இஸ்ரேலுக்குப் போகிற வழியைப் பார்க்கிறார்கள், உள்ளூரில் நிற்பவர்கள் கூடக் கேட்பார்கள். உங்கள் அம்மாவுக்கு ஊசி போட ஆள் வேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்குக் கை கொடுத்துக் கூட்டிப்போக, கூச்சமில்லாமல் கூப்பிடக்கூடிய ஒரு பெண் வேண்டும். வந்ததும் அடையாள அட்டைப் பிரதியும் அவருடைய கிராம உத்தியோகத்தரின் சான்றும் வாங்குங்கள். சம்பளம், ஓய்வு நாள், என்னென்ன வேலை என்று ஒரு தாளில் தமிழில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அம்மாவைப் பார்ப்பதுதான் அவர் வேலை, தம்பியின் உடுப்புத் தோய்ப்பதில்லை என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். சம்பளம் அவர் கணக்குக்குப் போகட்டும்.

ஒரு விஷயத்தில் கவனம். கிழக்கில் எத்தனையோ பெண்கள் நுண்கடன் வாரத் தவணையில் மாட்டியிருக்கிறார்கள். இவரும் முதல் மாதமே 50,000 முற்பணம் கேட்கலாம். அரை மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பெரிய முற்பணம் வாங்கியவருக்கு மூன்று மாதம் வெறும் கைதான் மிஞ்சும், பிறகு போன் எடுக்கமாட்டார். தம்பிக்குச் செய்ததையே இவருக்கும் செய்தவராவீர்கள்.

வருடாவருடம் உயிர்வாழ் சான்றிதழுக்குத் தம்பிதான் அம்மாவைக் கூட்டிப்போகிறான், அவன் கோபித்தால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்று பயப்படத் தேவையில்லை. வருடத்துக்கு ஒருநாள் வேலை அது. ஒரு லீவு போட்டு இரவு ரயிலில் போய் நீங்களே செய்துவிடலாம். அதே பயணத்தில் குளியலறையில் இரண்டு கைபிடி பூட்டுங்கள், வழுக்காத பாய் ஒன்றும் போடுங்கள்.

கொழும்புக்குக் கூட்டி வருவது பற்றி: மூன்றாம் மாடியில் பகல் முழுக்கக் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பதற்கு அவர் வரத் தேவையில்லை, அங்கேயும் பகலுக்கு ஒரு ஆளைப் பிடிக்கத்தான் வேண்டியிருக்கும். எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டு அக்கா உவர்மலையில்தான் இருக்கிறார்.