அண்ணன் மகளுக்குக் காப்பாளராக நீதிமன்றத்தை அணுகுவது எப்படி?

கேள்வி: நான் கரூரில் வசிக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் நடந்த சாலை விபத்தில் என் அண்ணன் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். அண்ணி இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் காலமானார். அவர்களுடைய ஒரே மகளுக்கு 9 வயது. இப்போது என்னிடமும் என் அம்மாவிடமும் இருக்கிறாள். இங்குள்ள பள்ளியில் சேர்த்துவிட்டேன். அண்ணன் தன் சம்பாத்தியத்தில் திண்டுக்கல்லில் கட்டிய வீடும், வங்கியில் வைப்புத்தொகையும் உள்ளன. உயில் எதுவும் இல்லை. வங்கியில் நீதிமன்றத்தின் கார்டியன் உத்தரவு கேட்கிறார்கள். உறவினர்களோ முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்கிறார்கள். அண்ணியின் பெற்றோர் எதிர்க்கவில்லை. ஆனாலும் எதிலும் கையெழுத்திடத் தயங்குகிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: நோட்டரி பத்திரம் போதாது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டம், திருமணமாகாத பெண் குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர்களாகத் தந்தையையும் தாயையும் மட்டுமே சொல்கிறது. பாட்டி, அத்தை, தாய்மாமன், பெரியப்பா ஆகியோர் எவ்வளவு அன்போடு வளர்த்தாலும் சட்டத்தின் பார்வையில் அவர்கள் குழந்தையைக் கவனித்துக்கொள்பவர்கள்தான்; காப்பாளர்கள் அல்லர். அப்படிக் கவனித்துக்கொள்பவர் மைனரின் சொத்தைக் கையாளவே கூடாது என்று அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே வங்கி கேட்பதில் தவறில்லை. பெற்றோர் இருவரும் இல்லாத குழந்தைக்கு, அவர்கள் உயில் வழியாக யாரையும் நியமிக்காதபோது, காப்பாளரை நியமிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு. அதற்கான சட்டம் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டம். வழக்கறிஞர்கள் இந்த மனுவை ஆங்கிலச் சுருக்கமாக ஜி.டபிள்யூ.ஓ.பி. (கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஒரிஜினல் பெட்டிஷன்) என்பார்கள்.

அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதில் பாதிக் காலம் ஏற்கெனவே போய்விட்டது. கார்டியன் உத்தரவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் காத்திருந்து கெடுவை நழுவவிடுகிறார்கள். அந்த உத்தரவு இதற்குத் தேவையே இல்லை; மைனரின் சார்பில் அத்தை என்ற முறையில் நீங்களே இப்போது மனுவில் கையெழுத்திடலாம். அண்ணனுக்காக ஒன்று, அண்ணிக்காக ஒன்று எனத் தனித்தனியே இழப்பீடு கோர வேண்டும். அண்ணனுடைய மனுவில் உங்கள் அம்மாவும் மனுதாரராகச் சேர வேண்டும். குழந்தைக்குரிய தொகையை, இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயம் பொதுவாக 18 வயது வரை வங்கி வைப்பில் போட்டு, படிப்புக்கும் பராமரிப்புக்கும் வட்டியை எடுக்க அனுமதிக்கும்.

இனி காப்பாளர் மனு. வளர்ப்புக்கான காப்பாளர் மனுவைக் குழந்தை வழக்கமாக வசிக்கும் இடம் எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்குதான் தாக்கல் செய்ய வேண்டும்; சொத்துக்கான மனுவைச் சொத்து உள்ள இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலும் தாக்கல் செய்யலாம். விபத்து வரை அவள் திண்டுக்கல்லில் வளர்ந்தவள் என்பதால் இந்தக் கேள்வி உங்களுக்கு நிச்சயம் எழும். மனுப் போடுவதற்காகவே குழந்தையை ஊர் மாற்றினால் நீதிமன்றம் ஏற்காது. ஆனால் பெற்றோர் இருவரையும் இழந்த பின் அத்தை வீட்டில் நிலையாகத் தங்கி, மாற்றுச் சான்றிதழ் பெற்று உள்ளூர்ப் பள்ளியில் சேர்ந்துவிட்ட குழந்தைக்குக் கரூரே வசிப்பிடம் என்று வாதிட நல்ல அடிப்படை உள்ளது. அவள் எந்தத் தேதியில் உங்கள் வீட்டுக்கு வந்தாள், எந்தத் தேதியில் பள்ளியில் சேர்ந்தாள் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். குழந்தையின் வளர்ப்புக்கான காப்பாளர் நியமனம் குடும்ப நல நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. சொத்துக்கான நியமனம் மாவட்ட நீதிமன்றத்தைச் சேர்ந்தது. உங்களுக்கு இரண்டுமே தேவைப்படுவதால், எதை எங்கே கோருவது என்று மனு எழுதும் முன்பே வழக்கறிஞரிடம் தெளிவாக முடிவு செய்துகொள்ளுங்கள்.

மனுவில் குழந்தையின் பெயர், மதம், பிறந்த தேதி, வசிப்பிடம், சொத்துகளின் விவரமும் தோராய மதிப்பும், நெருங்கிய உறவினர்களின் பெயரும் முகவரியும், உங்கள் தகுதி, மனுவுக்கான காரணம் ஆகியவை இடம்பெற வேண்டும். இறப்புச் சான்றுகள், பிறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, பள்ளிச் சான்று, வீட்டுப் பத்திரத்தின் நகல், உங்கள் வருமானத்துக்கான ஆதாரம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். இவையெல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மனு திரும்பி வருவது வேறொரு தாளால்: காப்பாளராக இருக்கச் சம்மதிக்கிறேன் என்று நீங்கள் கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட்ட தனி உறுதிமொழியைச் சட்டம் கட்டாயமாகக் கேட்கிறது. மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தும், இரண்டாவது சாட்சியின் கையெழுத்து விடுபட்டதால் திரும்பிய மனுவை நானே பார்த்திருக்கிறேன்.

அண்ணியின் பெற்றோரின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அவர்களை எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். எதிர்மனுதாரர் என்ற சொல்லைக் கேட்டு அவர்கள் மனம் நோகலாம். மகளை இழந்து மூன்று மாதம்கூட முழுதாகக் கடந்திராத அவர்களிடம், நீதிமன்றத் தாள் போய்ச் சேரும் முன் நீங்கள் நேரில் சென்று, இது வழக்குச் சண்டையல்ல, தகவல் தெரிவிக்கும் முறை என்று விளக்குவது நல்லது. விடுமுறைகளில் பேத்தி அவர்களிடம் வந்து இருப்பாள் என்பதை மனுவிலேயே எழுதிக் கொடுத்தால், தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும்; நீதிபதிக்கும் உங்கள் நோக்கம் விளங்கும்.

மனு ஏற்கப்பட்டதும் அறிவிப்பு ஒன்று நீதிமன்றத்திலும் குழந்தை வசிக்கும் வீட்டிலும் ஒட்டப்படும். உங்கள் வாசற்கதவில் தன் பெயரும் இறந்த பெற்றோரின் பெயரும் உள்ள ஒரு தாளை, பள்ளி விட்டு வரும் 9 வயதுக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள். அது என்ன தாள், எதற்காக என்று முன்னதாகவே அவளுக்குப் புரியும் விதத்தில் சொல்லிவிடுங்கள்.

விசாரணையில் நீதிமன்றம் பார்ப்பது யாருக்கு உரிமை அதிகம் என்பதை அல்ல, குழந்தையின் நலனைத்தான். வயது, மதம், காப்பாளராக வருபவரின் நடத்தை, திறன், உறவின் நெருக்கம், இறந்த பெற்றோரின் விருப்பம் ஆகியவற்றோடு, விவரமறிந்து சொல்லும் பக்குவம் குழந்தைக்கு இருந்தால் அதன் விருப்பத்தையும் கருத்தில் கொள்ளலாம் என்கிறது 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. நீல் ரத்தன் குண்டு என்பவர் தொடர்பான காப்பாளர் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், குழந்தையின் விருப்பத்தைக் கேட்டறியாமல் கீழ் நீதிமன்றங்கள் முடிவெடுத்ததைக் குறையாகச் சுட்டிக்காட்டியது. ஆகவே நீதிபதி அவளைத் தம் அறைக்கு அழைத்துத் தனியே பேசக்கூடும். யார் தலை பின்னிவிடுகிறார்கள், இரவில் யார் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாய், ஊரில் உள்ள தாத்தா பாட்டியைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறதா என்பது போன்ற கேள்விகளாகவே அவை பெரும்பாலும் இருக்கும். விடைகளைச் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டாம். சொல்லிக்கொடுத்த விடை இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும், பாதிக்கப்படுவது குழந்தைதான்.

சொத்தைப் பொறுத்தவரை கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் அண்ணன் இறந்தபோது அவருடைய சொத்து தாய், மனைவி, மகள் மூவருக்கும் சமமாகச் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து இறந்த அண்ணியின் மூன்றில் ஒரு பங்கும், அவருடைய நகைகளும் மகளுக்கே வந்தன. ஆக, வீட்டில் மூன்றில் இரண்டு பங்கு குழந்தையுடையது; ஒரு பங்கு உங்கள் அம்மாவுடையது. நாளை அம்மாவின் பங்கில் உங்களுக்கும் உரிமை வரக்கூடும் என்பதால், உங்கள் நலனும் குழந்தையின் நலனும் மோதுகின்றனவா என்று நீதிமன்றம் கவனிக்கும். இதை மறைக்காமல் நீங்களே மனுவில் எழுதிவிடுவதுதான் முறை. அது உங்கள் மீதான நம்பிக்கையைக் கூட்டும்.

சொத்துக் காப்பாளராக நியமிக்கப்பட்ட பிறகும், நீதிமன்றத்தின் முன் அனுமதியின்றி வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ, 5 ஆண்டுகளுக்கு மேல் வாடகைக்கோ குத்தகைக்கோ விடவோ முடியாது. குழந்தைக்குத் தவிர்க்க முடியாத தேவை அல்லது தெளிவான நன்மை இருந்தால்தான் அந்த அனுமதி கிடைக்கும். அனுமதியில்லாமல் விற்றால், அவள் மேஜரான பின் 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்து அந்த விற்பனையை ரத்து செய்யலாம். நீதிமன்றம் கேட்டால், பொறுப்பேற்ற 6 மாதங்களுக்குள் வீடு, பணம், நகை ஆகியவற்றின் பட்டியலை ஒப்படைக்க வேண்டும். எனவே நகைகளை அண்ணியின் பெற்றோர் முன்னிலையில் எடை போட்டு எழுதிவையுங்கள். குழந்தையை நீதிமன்ற எல்லைக்கு வெளியே நிரந்தரமாக அழைத்துச் செல்வதற்கும் அனுமதி தேவை. நீதிமன்றக் காப்பாளர் இருந்தால் 21 வயது வரை மைனர் என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். அது பழைய விதி, 1999-இல் திருத்தப்பட்டுவிட்டது. 18 நிறைந்ததும் உங்கள் பொறுப்பு முடிந்து, கணக்கும் சொத்தும் அவள் கைக்குப் போக வேண்டும்.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் வழக்கறிஞரை நியமித்துத் தருவார்கள். அங்கே முதல்முறை போகும்போது முதல் தகவல் அறிக்கையின் நகலையும் இரண்டு இறப்புச் சான்றுகளையும் எடுத்துச் சென்று, விபத்து இழப்பீட்டு மனுவைப் பற்றியே முதலில் பேசுங்கள்.